மூன்று நாளில் போகும் ஒன்றரை லட்சம் யென்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 34 வயது. டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். 2024 ஏப்ரல் 1ல் சேர்ந்தேன், மூன்று வருட ஒப்பந்தம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் ஒரு வருடம் முன்னாலேயே கிளம்புகிறேன். வருகிற மார்ச் 27 வெள்ளியோடு வகுப்பு முடிகிறது, 28 சனிக்கிழமை சென்னைக்கு டிக்கெட் போட்டாச்சு, ராஜினாமாக் கடிதத்திலும் 28 என்றே எழுதப் போகிறேன். சம்பளத்தில் மாதம் 23,790 யென் பென்ஷனுக்குப் பிடிக்கிறார்கள். ஒப்பந்தத்தை முடிக்காமல் போனால் அந்தப் பணம் வராது என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? இங்கே வருவதற்கு முன் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆறு வருடம் இருந்தேன், அந்த பி.எஃப். அப்படியே இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: முதலில், அந்தக் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். 28 என்பதை 31 என்று மாற்றுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஒப்பந்தம் பாதியில் முடிந்தாலும் பணம் வரும். நீங்களாக விட்டீர்களா, அவர்கள் அனுப்பினார்களா என்று பென்ஷன்காரர்கள் கேட்பதே இல்லை. அவர்கள் பார்ப்பது இவ்வளவுதான்: நீங்கள் ஜப்பான் குடிமகள் இல்லை, ஆறு மாதமாவது கட்டியிருக்கிறீர்கள், ஜப்பானில் இப்போது உங்களுக்கு முகவரி இல்லை, கிளம்பி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்கிறீர்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தத்தாய் இச்சிஜிகின்', அதாவது விலகும்போது ஒரே தடவையாகத் தரும் தொகை.

ஆனால் கட்டியதைக் கணக்குப் பார்த்து அப்படியே திருப்பித் தருவதில்லை, இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஆறு ஆறு மாதமாகப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். 6 முதல் 11 மாதம் வரை கட்டியிருந்தால் சராசரி மாதச் சம்பளத்தில் 0.5 மடங்கு, 12 ஆனால் 1.1, 18 ஆனால் 1.6, 24 ஆனால் 2.2, இப்படியே ஏறி 60 மாதத்தில் 5.5 மடங்கோடு நின்றுவிடும். நடுப்படியில் நின்றால் கீழ்ப்படிக் கணக்குதான். 11 மாதத்தில் கிளம்பியவருக்கும் 6 மாதத்தில் கிளம்பியவருக்கும் ஒரே மடங்கு!

உங்கள் பிடித்தத்தை வைத்துப் பார்த்தால் பென்ஷன் கணக்கில் உங்கள் சம்பளம் 2,60,000 யென், பிடித்தம் 9.15 சதவீதம், பள்ளியும் அதே அளவு தன் பங்குக்குக் கட்டுகிறது. இப்போது அந்தத் தேதிக்கு வருவோம். ஒரு மாதம் கணக்கில் ஏற வேண்டுமானால் அந்த மாதத்தின் கடைசி நாளில் நீங்கள் வேலையில் இருக்க வேண்டும். 28ல் விலகினால் மார்ச் கணக்கிலேயே வராது, மொத்தம் 23 மாதம், 1.6 மடங்கு, 4,16,000 யென். 31ல் விலகினால் 24 மாதம், 2.2 மடங்கு, 5,72,000 யென். வித்தியாசம் 1,56,000. இதற்காக நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது மார்ச் மாதப் பிடித்தம் 23,790 மட்டும்தான் (கடைசிச் சம்பளத்தில் இரண்டு மாதப் பிடித்தம் சேர்ந்து வரலாம், பார்த்துப் பதறாதீர்கள்).

டிக்கெட்டை மாற்றவும் வேண்டாம். 28ம் 29ம் சனி, ஞாயிறு. பாக்கி 30, 31, திங்களும் செவ்வாயும். ஒன்றரை வருடம் முடிந்தபோதே உங்களுக்குச் சட்டப்படி 11 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு சேர்ந்திருக்கும், அதில் இரண்டு நாளை அங்கே போடச் சொல்லுங்கள். சென்னையில் உட்கார்ந்தபடியே விடுப்பில் இருக்கலாம். பள்ளி நிர்வாகம் 'மாதக் கடைசி வேண்டாமே' என்று இழுக்கலாம், ஏனென்றால் அந்த மாதத்துக்கு அவர்கள் பங்கும் கட்ட வேண்டும். சிரித்துக்கொண்டே விடாமல் கேளுங்கள். நான் அங்கிருந்து கிளம்பியபோது இதைச் சொல்ல ஆளில்லாமல், 30ம் தேதியோடு போதும் என்று கையெழுத்துப் போட்டேன், அந்த மாதத்துக்கு 31 நாள். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்புறம் வரி. அனுப்பும்போதே 20.42 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், உங்கள் கணக்கில் 1,16,802 யென். அத்தோடு போயிற்று என்று பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். அதையும் திரும்ப வாங்கலாம். ஓய்வுத்தொகைக்கு அங்கே குறைந்தது 8 லட்சம் யென் வரை கழிவு உண்டு, உங்கள் தொகை அதற்குள் வருவதால் பிடித்தது முழுக்கவே திரும்பும். இதற்கு ஜப்பானிலேயே இருக்கும் ஒருவரை உங்கள் வரிப் பொறுப்பாளராக, 'நோஸெய் கன்ரினின்' என்பார்கள், வரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆடிட்டராக இருக்க வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுத் தோழி போதும். பணம் அவர் கணக்கில்தான் விழும், அதனால் கடன் கொடுத்தால் திருப்பித் தருகிற ஆளாகப் பாருங்கள். பென்ஷன் வந்ததும் உங்கள் இந்திய முகவரிக்கு ஒரு அறிவிப்புக் கடிதம் வரும், அதன் அசலை அவருக்குத் தபாலில் அனுப்பினால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். இன்னொன்று, ஜனவரி 1 அன்று நீங்கள் அங்கே இருந்ததால் போன வருட வருமானத்துக்கு உள்ளூர் வரி ஜூனில் வரும், அதைக் கட்டவும் அதே தோழிதான். போகும்போது ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தாலும் தகும்.

கிளம்பும் முன் வார்டு அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பு கொடுத்துவிடுங்கள். அது பதிவாகியிருந்தால், முகவரி இல்லை என்பதற்குத் தனியாகச் சான்று கேட்கமாட்டார்கள். பிறகு விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட் நகல், பென்ஷன் எண் உள்ள கடிதம் அல்லது பழைய நீலப் புத்தகம், வங்கிச் சான்று, இவ்வளவும் சேர்த்து டோக்கியோவில் உள்ள ஜப்பான் பென்ஷன் சர்வீஸுக்குத் தபாலில் போக வேண்டும். நம் ஆட்கள் வழுக்கி விழுவது வங்கிச் சான்றில்தான். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரும் அப்பா பெயரும் முழுசாக இருக்கும், பாஸ்புக்கில் முன்னால் ஒரு இனிஷியல் மட்டும் நிற்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள், அவர்களுக்கு இரண்டு ஆள். என் விண்ணப்பம் இதற்காகவே ஒரு தடவை திரும்பி வந்தது. ஊருக்கு வந்ததும் வங்கிக்குப் போய், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை மாற்றி, ஆங்கில எழுத்தில் சான்று வாங்கிவிட்டு அனுப்புங்கள். பணம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், கல்யாணச் செலவுக்கு என்று நம்பி உட்காராதீர்கள்.

சம்பளச் சீட்டில் 'கோசெய் நென்கின்', அதாவது சம்பளக்காரர்களுக்கான பென்ஷன், என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில தனியார் பள்ளிகள் அவர்களுக்கென்றே உள்ள தனிப் பென்ஷன் அமைப்பில் இருக்கும், அப்படியானால் விண்ணப்பம் அங்கே போக வேண்டும்.

கடைசியாக, எடுக்கத்தான் வேண்டுமா? எடுத்தால் அந்த 24 மாதமும் உங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடும், பள்ளி கட்டிய பங்கும் உங்களுக்கு இல்லை. இந்தியாவும் ஜப்பானும் போட்ட ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, அதன்படி இரண்டு நாட்டுக் காலத்தையும் கூட்டிக்கொள்ளலாம். ஜப்பான் பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும். திருச்சி ஆறு, டோக்கியோ இரண்டு, இங்கே பி.எஃப். உள்ள பள்ளியில் இன்னும் இரண்டு வருடம் பார்த்தால் பத்து. அப்போது 65 வயதிலிருந்து ஆயுள் முழுக்க வருடத்துக்குச் சுமார் 75,000 யென் இன்றைய கணக்குப்படி வரும். ஏழெட்டு வருடத்தில் இப்போது கிடைப்பதைத் தாண்டிவிடும், ஆனால் அதற்கு இன்னும் 31 வருடம் இருக்கிறது. நானாக இருந்தால் எடுத்துவிடுவேன். திரும்ப ஜப்பான் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள், இரண்டு வருட அவகாசம் அதற்குத்தானே.

கேள்வி: ஒசாகாவில் ஒரு மொழிப் பள்ளியில் பகுதி நேரமாகச் சொல்லிக் கொடுத்தேன். தேசியப் பென்ஷனில் (சம்பளத்தில் பிடிக்காமல் நாமே கட்டுவது) 5 மாதம் கட்டிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். எனக்கும் திரும்ப வருமா?

பதில்: வராது தம்பி. ஆறு மாதம் என்பதில் தள்ளுபடி கிடையாது. கட்டிய மாதங்கள் உங்கள் எண்ணில் அப்படியே நிற்கும், மறுபடி அங்கே வேலைக்குப் போனால் அதோடு சேரும். அந்த எண் உள்ள கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேசியப் பென்ஷனில் கிடைக்கும் தொகைக்கு அந்த 20.42 சதவீதப் பிடித்தம் இல்லை என்பதையும் அடுத்த தடவைக்கு நினைவில் வையுங்கள்.

கேள்வி: துபாயில் டீச்சராகப் பத்து மாதம் ஆகிறது. இப்போது விட்டால் பென்ஷன் பணம் எவ்வளவு தருவார்கள்?

பதில்: அங்கே நமக்குப் பென்ஷனே கிடையாது, சம்பளத்தில் அதற்கென்று பிடித்தமும் இருக்காது, பாருங்கள். இருப்பது கிராஜுவிட்டி. ஒரு வருடம் முடிந்தால்தான் அது ஆரம்பிக்கும்: வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி எல்லாம் சேராது. பத்து மாதத்தில் விட்டால் பூஜ்யம். முடிந்தால் இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். 2022 பிப்ரவரியில் வந்த புதிய சட்டத்துக்குப் பிறகு, நீங்களாக ராஜினாமா செய்தாலும் அந்தத் தொகையைக் குறைக்க முடியாது, வேலை முடிந்து 14 நாளுக்குள் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும்.