தோல் ஒட்டுண்ணி கண்டம் விட்டுக் கண்டம் தாண்டுமா?
பயணிகளோடு தோல் ஒட்டுண்ணி நோய்களும் ஊர் மாறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறும். தோலுக்குள் புதையும் மணல் தெள்ளு என்ற சிறு பூச்சிதான் இதற்குத் தெளிவான சான்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளைச் சேர்ந்த இது, 1872-ல் பிரேசிலிலிருந்து வந்த கப்பலோடு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள அங்கோலாவில் இறங்கியது. கப்பல் சாயாமலிருக்க எடைக்காக ஏற்றிய மணலில் இருந்ததாகச் சொல்கிறார்கள். அப்புறம் வணிகர்களும் சுமைதூக்கிகளும் படைவீரர்களும் நடந்த வழியெல்லாம் பரவி, 30 ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையைத் தொட்டுவிட்டது.

பெண் தெள்ளு பாதத்தோலில் புதைந்து பட்டாணி அளவுக்கு வீங்கி, முட்டைகளை வெளியே தள்ளும். விழுந்த இடம் காய்ந்த மணலாக இருந்தால் அங்கேயே அடுத்த தலைமுறை வளரும். ஆக, ஆள் வந்தால் மட்டும் நோய் ஊன்றிவிடாது. மண்ணும் தோதாக இருக்க வேண்டும். மண்தரை வீடுகளில் வெறுங்காலோடு வளரும் குழந்தைகளைத்தான் இன்றும் இது நடக்கவிடாமல் வதைக்கிறது. அவர்களுக்குச் செருப்போடு சிமென்ட் தரையும் கிடைக்க வேண்டும்.