பாட்டனும் பூட்டனும் ஓர் ‘அண்ட்’டும்

மதிப்புக்குரிய ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தரம் ஒன்பது பிள்ளைகள் ‘ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வீ வென்ட் டு ஸ்கூல்’ என்றே எழுதுகிறார்கள். எத்தனை தடவை திருத்தினாலும் ‘ஆல்தோ’வுக்குப் பின்னால் ‘பட்’ வந்துவிடுகிறது. இணைப்புச் சொற்களைப் பட்டியலாக எழுதிச் சுவரில் மாட்டினேன். பாடமாக்கச் சொன்னேன். பயனில்லை. ‘பிகாஸ்’ என்றும் ‘அண்ட்’ என்றும் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று எனக்குக் கற்பித்தவர்கள் சொன்னார்கள். அது சரிதானா? கமாவை எங்கே போடுவது? எங்கள் பிள்ளைகளுக்கு மொழி ஏறாது என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். சில நாட்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

கடைசி இரண்டு வரிகளை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். சக ஆசிரியர் சொன்னதை விடுங்கள். அப்படிச் சொல்கிறவர் ஒருவர் எல்லாப் பாடசாலைகளிலும் ஓய்வுபெறும் வரை இருப்பார். உங்களுக்கும் தோன்றுகிறது என்பதுதான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. ‘ஆல்தோ’ போட்டு ‘பட்’டும் போடுகிற பிள்ளைக்கு இரண்டு செய்திகளுக்கும் இடையே உள்ள முரண் தெரிந்திருக்கிறது. மழை பெய்தால் போகாமல் இருப்பதுதான் வழக்கம், இருந்தும் போனோம். இதைப் புரிந்துகொண்டு, புரிந்ததை இரண்டு முறை சொல்கிறது. இதிலே மொழி ஏறாமல் போனது எங்கே?

இரண்டு முறை சொல்ல அதைப் பழக்கியது நம்முடைய தமிழ். எப்போது வருகிறானோ அப்போது, எங்கே போகிறாளோ அங்கே, ஒருவேளை பெய்தால், என்னதான் பெய்தாலும் என்று முன்னால் ஓர் அடையாளம் வைத்துப் பின்னால் இன்னொன்றும் வைத்துப் பேசி வளர்ந்த பிள்ளை அது. ஆங்கிலத்துக்கு அந்தத் தாராளம் இல்லை. இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க ஓர் இணைப்பு, மூன்றைச் சேர்க்க இரண்டு. காலம் காட்டும் வினைகள் எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். இணைப்பு அதைவிட ஒன்று குறைவாக இருந்தால், ‘ஆல்தோ’ வாக்கியத்துக்குப் பெரும்பாலும் போதும். ‘இஃப்’ உடன் ‘தென்’ சேர்ந்து வருகிறதே என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்டால் மகிழுங்கள். ‘தென்’ வெறும் வினையடை, எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் யோபு, ‘தோ ஹீ ஸ்லே மீ, யெட் வில் ஐ டிரஸ்ட் இன் ஹிம்’ என்கிறார், அவர் என்னைக் கொன்றாலும் அவரையே நம்புவேன் என்று. அந்த ‘யெட்’டும் அந்த வகைதான். உங்கள் பிள்ளைகள் ‘பட்’ என்பதற்குப் பதிலாக ‘யெட்’ என்று எழுதியிருந்தால் யோபுவைச் சாட்சிக்கு அழைத்திருக்கலாம்.

சுவரில் மாட்டிய பட்டியலை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். வேறு வேறு வேலை செய்யும் சொற்களை ஒரே வரிசையில் நிறுத்திப் பாடமாக்கச் சொன்னால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? ‘வீ ஸ்டேட் அட் ஹோம் பிகாஸ் இட் ரெய்ன்ட்.’ இதில் ‘பிகாஸ்’ பகுதியை அப்படியே தூக்கி முன்னால் வைத்தாலும் வாக்கியம் உயிரோடு இருக்கும். ‘இட் ரெய்ன்ட், ஸோ வீ ஸ்டேட் அட் ஹோம்’ என்பதில் ‘ஸோ’ பகுதியைத் தூக்கி முன்னால் வைத்துப் பாருங்கள், செத்துவிடும். இடம் மாறக்கூடியவை ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘இஃப்’, ‘வென்’. நடுவிலேயே நிற்பவை ‘அண்ட்’, ‘பட்’, ‘ஆர்’, ‘ஸோ’. காகிதத்தை வெட்டி இடம் மாற்றி வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இது ஒரு பாடவேளையில் விளங்கிவிடும்.

மற்றவற்றுக்கு நீண்ட பதில் தேவையில்லை. ‘பிகாஸ்’ என்று தொடங்கலாம், பின்னால் தலைமை வாக்கியம் வந்து சேர்ந்தால் போதும். முந்திய வாக்கியத்தோடு இணைத்து ‘அண்ட்’ என்றும் தொடங்கலாம். சந்தேகம் இருந்தால் அதே விவிலியத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’ போல ஒன்றில் தொடங்கும் சார்பு வாக்கியம் முன்னால் வந்தால் கமா போடுங்கள், பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். அதற்கு மேல் கமாவுக்காகக் கவலைப்பட எனக்கு ஆயுள் போதாது.

நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்த காரணம் வேறு. உங்கள் கடிதம் வந்தபோது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை ஆங்கில மூலத்தில் மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்தேன். மலையகத் தமிழரான நம்மை நாடற்றவர்களாக்கிய சட்டம் என்று மேடையில் முழங்குகிறோம். எந்த வாக்கியம் அதைச் செய்தது என்று கேட்டால் முழங்கியவர்களில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அந்த வாக்கியம் நீளமானதும் அல்ல. 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆவார். எப்போது? ‘இஃப்’ அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருந்தால். ‘ஆர்’ அவருடைய தந்தைவழிப் பாட்டன் ‘அண்ட்’ பூட்டன் இலங்கையில் பிறந்திருந்தால்.

அந்த ‘இஃப்’ என்ன செய்கிறது, பாருங்கள். இந்த மண்ணில் பிறந்தவர் என்று முதலில் ஒப்புக்கொள்கிறது, அது போதாது என்று உடனே சொல்லிவிடுகிறது. தந்தை இங்கே பிறக்கவில்லை என்றால் ‘ஆர்’ இரண்டாவதாக ஒரு கதவைக் காட்டுகிறது. கிட்டே போனால் அதிலே ‘அண்ட்’ என்ற பூட்டு தொங்குகிறது. பாட்டன் மட்டும் பிறந்திருந்தால் ஆகாது, பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிடத் தொடங்கியதே 1867இல்தான். அதற்கு முந்திய கோப்பிக் காலத்தில் நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் பறிப்புப் பருவத்துக்கு மட்டும் வந்து, அறுவடை முடிந்ததும் கடல் தாண்டி ஊருக்குத் திரும்பினார்கள். அந்தக் காலத்துப் பூட்டன் இங்கே பிறந்தான் என்று 1948இல் எந்தப் பத்திரத்தைக் காட்டுவது? தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கே பத்திரம் இல்லாத வீடுகள் எத்தனையோ. இத்தனையிலும் தாயைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பெற்றவள் எங்கே பிறந்தாள் என்று அந்த வாக்கியம் கேட்கவேயில்லை.

அந்த ‘அண்ட்’ இருந்த இடத்தில் இன்னொரு ‘ஆர்’ இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நடந்த கணக்கே போதும். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 9,75,000 பேர் பேரம் பேசப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் இங்கே மிச்சமிருந்தவர்களின் நாடற்ற நிலை தீர்ந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர், ‘ஆர்’ அப்படிப்பட்டவரின் சந்ததியாக இங்கே வசிப்பவர். ஒன்று இருந்தாலே போதும். நல்ல ‘ஆர்’. ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிந்தி வந்த ‘ஆர்’.

இதையெல்லாம் ஒன்பதாம் தரத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டாம். ஆனால் இணைப்புச் சொல் என்றால் ஐந்து புள்ளி வாங்கித் தரும் பயிற்சி என்று மட்டும் நினைத்துக் கற்பிக்காதீர்கள். பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் பெரிதாகக் கற்பித்துவிட்டு இவற்றைச் சில்லறை என்று ஒதுக்குவது நம் பாடப்புத்தகங்களின் பழைய நோய்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தராக ஒரு கிளாக்கர் இருந்தார். லயத்து ஆட்களுக்கு மாலையில் அவர்தான் ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பார். காரணத்தைச் சொல்லாமல் எழுதவே மாட்டார். ‘பிகாஸ்’ இல்லாத மனுவைத் துரை திரும்பியும் பார்க்க மாட்டார் என்பது அவருடைய கட்சி. ஒருமுறை ஒரு பெண் வந்து கூரை ஒழுகுகிறது என்றாள், சற்று விட்டு, பிள்ளைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் என்றாள். அவள் இரண்டையும் சேர்த்துச் சொல்லவில்லை. கிளாக்கர் பேனாவைப் பிடித்தபடி அவளைத் துருவித் துருவிக் கேட்டார். பிள்ளை படுப்பது எங்கே, ஒழுகுவது எங்கே, ஈரம் காய்கிறதா? பிறகுதான் கூரை ஒழுகுகிற காரணத்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரே வாக்கியமாக எழுதினார். சில நாள் கழித்துத் தோட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு குறிப்புகள் வந்தன. பிள்ளையை டிஸ்பென்சரிக்குக் கொண்டு போகவும் என்று ஒன்று. கூரை வரிசைப்படி கவனிக்கப்படும் என்று மற்றொன்று. கிளாக்கர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, ‘பிகாஸை உருவிவிட்டான் பார்’ என்றார். அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

அதனால் டீச்சர், பாடப்புத்தகத்து மழையை விட்டுவிடுங்கள். கரும்பலகையில் இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போனாள். நான் தம்பியைப் பார்த்துக்கொண்டேன். இதை ‘அண்ட்’ வைத்துச் சேர்க்கும் பிள்ளை நடந்ததைச் சொல்கிறது. ‘ஸோ’ வைத்துச் சேர்க்கும் பிள்ளை அன்றைக்குப் பாடசாலைக்கு ஏன் வரவில்லை என்று உங்களிடம் சொல்கிறது. ‘வைல்’ போட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள் என்று கணக்கு வைக்கிறது. ‘ஆல்தோ’ போடுகிற பிள்ளை ஒன்று இருந்தால் அதை அடிக்காமல், அதட்டாமல், என்ன நினைத்து எழுதியது என்று கேளுங்கள். அந்த வீட்டில் வேறு ஏதோ நடந்திருக்கலாம்.

எந்தப் பிள்ளை எதைத் தேர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள். தாள்களையே அனுப்பினாலும் நல்லது. சிவப்பு மை படாமல் அனுப்புங்கள்.

அன்புடன்.