சோமாலி அரபியின் கிளைமொழி அல்ல

"சோமாலியில் அரபிச் சொற்கள் நிறைந்திருக்கும்போது, அதை அரபியின் கிளைமொழி என்பதில் என்ன தவறு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அரபி அறிந்தவராக இருப்பீர்கள் என்றும், சோமாலியர்களின் பேச்சில் பழகிய சொற்கள் காதில் விழுந்ததால் இந்த எண்ணம் தோன்றியிருக்கும் என்றும் கருதுகிறேன். இரண்டும் ஆப்பிரிக்க-ஆசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது உண்மை. ஆனால் அரபி அக்குடும்பத்தின் செமித்தியக் கிளையில் உள்ளது. சோமாலி குஷிட்டிக் கிளையில் உள்ளது. சோமாலிக்கு மிக நெருங்கிய உறவுமொழிகளைக் கென்யாவில்தான் தேட வேண்டும்: மர்சாபிட் பகுதியில் ஒட்டகம் வளர்க்கும் ரெண்டிலே மக்களின் மொழியும், லாமு பகுதிக் காடுகளை ஒட்டி வாழும் போனி மக்களின் மொழியும் அவை. ஒரோமோவும் அஃபாரும் சற்றுத் தள்ளிய உறவு.

நான் மொழியியல் பட்டம் பெற்றவன் அல்லன். ஆகவே எனக்கு இதில் என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். நைரோபியின் ஈஸ்ட்லீ பகுதியில் சோமாலியர் நடத்திய ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிய காலத்தில் கேட்டதையும், பின்னர் தேடிப் படித்ததையும் வைத்தே எழுதுகிறேன். கடையின் காவலாளி ரெண்டிலே இனத்தவர். வியாபாரம் ஓய்ந்த ஒரு பிற்பகலில் முதலாளியும் அவரும் உடலுறுப்புகளின் பெயர்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி தம் மூக்கைத் தொட்டு 'சன்' என்றார். காவலாளி 'சம்' என்றார். மொழியியலாளர் பெர்ன்ட் ஹைன 1978இல் சோமாலி, ரெண்டிலே, போனி ஆகிய மூன்று மொழிகளையும் ஒரே குழுவாக வகுத்தபோது, அக்குழுவுக்குச் 'சம்' என்றே பெயரிட்டார் என்பதை நான் பிறகுதான் படித்தேன்.

சொல்லின் இறுதியில் நின்ற மகரம் சோமாலியில் னகரமாகிவிட்டது. ரெண்டிலே அதை அப்படியே காத்துவருகிறது. சோமாலியில் ஆண் 'நின்', ஆண்கள் 'நிமன்'. பன்மை விகுதி சேர்ந்து மகரம் இறுதியில் நில்லாதபோது பழைய ஒலி வெளிப்பட்டுவிடுகிறது. இந்த விதிக்கு அரபிச் சொற்களும் தப்பவில்லை. எழுதுகோலைக் குறிக்கும் அரபியின் 'கலம்' சோமாலியில் 'கலின்' ஆயிற்று. எங்கள் பேரேட்டில் மரியம் 'மரியன்' ஆகவும் ஆதம் 'ஆதன்' ஆகவும் இருந்தார்கள். சோமாலியாவின் முதல் அதிபர் ஆதன் அப்துல்லாவின் பெயரும் அவ்வாறு அமைந்ததே. வந்த சொல் வீட்டின் விதிக்குக் கட்டுப்பட்டிருக்கிறதே தவிர, வீட்டைக் கட்டவில்லை.

இதை மறுப்பவர்கள் வினைச்சொல்லைக் காட்டுவார்கள். 'யிமித்' என்றால் அவன் வந்தான், 'திமித்' என்றால் அவள் வந்தாள், 'நிமித்' என்றால் நாம் வந்தோம். முன்னொட்டுகள் அரபியில் உள்ளவை போலவே இருக்கின்றன. ஆனால் இவ்வாறு முன்னொட்டு ஏற்பவை சோமாலியில் ஒரு சில பழைய வினைகள் மட்டுமே. இவை அரபியிடம் வாங்கியவை அல்ல. இரு கிளைகளுக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து எஞ்சியவை. அரபியிலும் சோமாலியிலும் உள்ள, தொண்டையில் பிறக்கும் ஒலிகளும் அத்தகையனவே: பாலுக்கும் தலைக்கும் உரிய சோமாலிச் சொற்களில் அவ்வொலிகள் உண்டு, அச்சொற்களோ அரபியில் இல்லாதவை. சோமாலியாவின் தெற்கே வழங்கும், சோமாலிக்கு நெருங்கிய மாய் மொழியோ அவ்வொலிகளை இழந்துவிட்டது.

ஒரு மாத இதழுக்கு இவற்றை விரிவாக எழுதி அனுப்பினேன். 'குஷிட்டிக்' என்பது வாசகர்களுக்குப் புரியாது என்று சொல்லி, என்னிடம் கேட்காமலே 'அரபி வழிவந்த மொழி' என்று மாற்றி என் பெயரிலேயே அச்சிட்டார்கள். திருத்தம் வெளியிடக் கோரிய கடிதத்துக்குப் பதில் இல்லை. கட்டுரை முழுவதும் எதை மறுத்ததோ அதையே என் வாயில் வைத்துவிட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. அரபியின் மதிப்பையோ, சோமாலியர்களின் சமயப் பற்றையோ நான் குறைத்துப் பேசுவதாகக் கொள்ள வேண்டாம். கடன்சொற்கள் ஏராளம் என்பதையும் மறுக்கவில்லை. சோமாலியின் பிறப்பை ஆராய விரும்பினால், அரபி அகராதியை ஒருபுறம் வைத்துவிட்டு, ரெண்டிலே சொற்பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.