காசு கொடுத்து வாங்கும் கட்டுரையில் உங்கள் மகளின் பெயர் வேண்டாம்

போன சனிக்கிழமை உங்கள் மகளின் அடுத்த வழி பற்றி என்னிடம் யோசனை கேட்கக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தீர்கள். அப்பா, அம்மா, எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்த மகள், கூடவே தாய்மாமா. பாதி நேரம் மாமாதான் பேசினார். உங்கள் இருவரிடமும் நான் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமல் போனதால் எழுதுகிறேன்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. படித்த பெண் எட்டு மாதமாக வீட்டில் இருந்தால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கத்தான் செய்வார்கள். அவள் வழி தவறிப்போய்விடவில்லை, நேரமும் கடந்துவிடவில்லை. சரி, ஆறுதல் இவ்வளவுதான்.

மாமா சொன்ன திட்டம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பதிவு, 'ஸ்கோபஸில் ரெண்டு பேப்பர்' (ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் வரும்படி ரெண்டு ஆய்வுக் கட்டுரை) போட்டுத்தர ஒரு ஆள், பேப்பருக்கு 40,000 ரூபாய், மூன்றாவது ஆசிரியராகப் பெயர். கல்யாணப் பத்திரிகையில் 'டாக்டர்' என்று போடலாம் என்றார். 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பதை, அம்மா, நீங்கள் கிளம்பும்போதுதான் மெதுவாகச் சொன்னீர்கள்.

அவள் செய்யாத ஆய்வில் அவள் பெயர் வருவது மோசடி. வேறு பெயர் இதற்குக் கிடையாது. ஆய்வில் உண்மையான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், கட்டுரை முழுவதற்கும் பொறுப்பு ஆகிய நான்கும் இருந்தால்தான் ஒருவரை ஆசிரியர் என்று சொல்லலாம் என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வரையறுத்திருக்கிறது. நான்காவதை யோசித்துப் பாருங்கள். நாளைக்கு அந்தக் கட்டுரையில் பொய்த் தரவு இருப்பது தெரிந்தால், பதில் சொல்ல வேண்டியது உங்கள் மகள். அந்த ஆள் போனை எடுக்க மாட்டார்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வைலி நிறுவனம் 2021-இல் வாங்கியது. காசுக்குக் கட்டுரை தயாரிக்கும் கும்பல்கள் அதன் சிறப்பிதழ்களுக்குள் கூட்டமாகப் புகுந்திருந்தது பிறகு தெரியவந்தது. 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்ற கட்டுரை அழிந்துபோகாது. 'ரிட்ராக்டட்' என்ற முத்திரையோடு ஆசிரியர்களின் பெயர்களும் சேர்ந்து இணையத்தில் அப்படியே நிற்கும். கல்லூரியில் வேலைக்குப் போனால் தேர்வுக்குழு முதலில் தேடுவதே பெயரைத்தான்.

பேப்பர் இல்லாமல் பிஎச்.டி. கிடைக்காது என்று மாமா அடித்துச் சொன்னார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் தாங்களாக விதி வைத்திருக்கலாம். அந்த விதியையும் ஆய்வு செய்துதான் நிறைவேற்ற வேண்டும். காசு வாங்கும் இதழெல்லாம் போலி என்றும் நினைத்துவிடாதீர்கள். 'ப்ளோஸ் ஒன்' போன்ற நல்ல இதழ்களும் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன, ஆனால் துறை வல்லுநர்கள் கட்டுரையைப் படித்துச் சோதிக்கும் மதிப்பாய்வில் தேறிய பிறகு. ஆசிரியர் இடத்தை விலைக்கு விற்பது எந்த நல்ல இதழிலும் நடக்காது.

இனி உங்கள் மகளைப் பற்றி. மாமா பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் மாதிரிக்கு அனுப்பிய கட்டுரையை அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தைப் பெரிதாக்கினாள், போனைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். "சார், ரெண்டாவது படமும் அஞ்சாவது படமும் ஒண்ணுதான். இதுல இடது ஓரத்துல இருக்கிற கீறல் அதுல வலது ஓரத்துல இருக்கு" என்றாள். வாங்கிப் பார்த்தேன். புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் படம், ஒரே பட்டைகள், இடம் வலம் மாற்றிப் போட்டு வேறு சோதனை என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அன்று நடந்ததிலேயே முக்கியமான விஷயம் அதுதான்.

அந்தக் கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. நெட், பி.எட்., டிஎன்பிஎஸ்சி பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவற்றை விடுகிறேன். ஆய்விதழ் பதிப்புத் துறையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் இதழ் வேலை பல வருஷமாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கிறது. டிஎன்க்யூ, நியூஜென், இன்டெக்ரா போன்ற நிறுவனங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. முதலில் கட்டுரையின் மொழியைத் திருத்தும் காப்பி எடிட்டர், அல்லது மதிப்பாய்வு ஒருங்கிணைப்பாளர். அங்கிருந்து 'ரிசர்ச் இன்டெக்ரிட்டி' என்கிற ஆய்வு நேர்மைப் பிரிவுக்குப் போகலாம்.

அங்கே என்ன வேலை? ஒரு கட்டுரை வந்ததும் ஏற்கெனவே வெளிவந்தவற்றோடு ஒப்பிடும் ஐதென்டிகேட் மென்பொருளில் ஒற்றுமை விழுக்காடு பார்ப்பார்கள். எண் மட்டும் பார்த்தால் போதாது. செய்முறைப் பகுதியில் வாக்கியம் ஒத்துப்போவது இயல்பு, முடிவுரையில் ஒத்துப்போனால் கேள்வி. மனிதர்கள்மீது செய்த ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் வேண்டும். இந்தியாவில் மருந்துச் சோதனை என்றால் அதற்கான தேசியப் பதிவேடான சிடிஆர்ஐ-யின் பதிவு எண், அதுவும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பதிந்ததா என்று தேதி பார்க்க வேண்டும். ஆசிரியரே பரிந்துரைக்கும் மதிப்பாய்வாளரின் ஈமெயில் நிஜமானதா என்று பார்க்க வேண்டும். பொய் ஈமெயில் வழியாக வந்த மதிப்பாய்வுகளால் பயோமெட் சென்ட்ரல் 2015-இல் 43 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. சொற்களையும் மோப்பம் பிடிக்க வேண்டும். திருடிய வரிகளை மென்பொருளில் போட்டு வார்த்தை மாற்றுகிறவர்களின் கட்டுரையில் 'பிரெஸ்ட் கேன்சர்' 'பூஸம் பெரில்' (நெஞ்சு ஆபத்து) ஆகியிருக்கும். உயிர்வேதியியல் படித்த பெண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் முறை இருக்கிறது. பிரிட்டனில் 1997-இல் தொடங்கிய, ஆய்விதழ்களின் நெறிமுறைகளுக்கான 'கோப்' அமைப்பு, ஒவ்வொரு சிக்கலுக்கும் படிப்படியான வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு புதிதாக ஒரு பெயரைச் சேர்க்கச் சொன்னால் என்ன செய்வது என்பதற்குக்கூட ஒன்று உண்டு. அதை உங்கள் மகள் இந்த வாரமே படிக்கட்டும். செலவு ஒரு ரூபாய் கூட இல்லை. இரண்டு வருஷம் எடிட்டிங் அனுபவம் வந்த பிறகு உயிரியல் கட்டுரைகளைத் திருத்தும் எடிட்டர்களுக்கான பெல்ஸ் தேர்வை எழுதலாம்.

ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. கெடு நெருக்கும், ஆங்கிலத்தில் உழைக்க வேண்டும். வெறும் இலக்கணத் திருத்தத்தை இப்போது ஏஐ செய்துவிடுகிறது. அதனால் அதிலேயே தங்கிவிடாமல் நேர்மைச் சோதனைப் பக்கம் நகர வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு பேப்பருக்கான 80,000 ரூபாயில் அவள் ஒரு வருஷம் சென்னையில் ஹாஸ்டல் வாடகை கட்டி வேலை பழகலாம். பின்னாளில் ஒரு கேள்வி அவளை அரித்து, அதற்காகப் பிஎச்.டி. போகிறேன் என்று அவளே சொன்னால் நானே வழிகாட்டி தேடித் தருகிறேன். பத்திரிகையில் போடுவதற்காக வேண்டாம்.

அந்த 10,000 திரும்ப வருமா என்று கேட்டீர்கள். கேட்டுப் பாருங்கள், வராவிட்டால் விடுங்கள். ஆனால் 'எந்தக் கட்டுரையிலும் என் பெயரைச் சேர்க்க எனக்குச் சம்மதம் இல்லை' என்று உங்கள் மகள் தன் ஈமெயிலிலிருந்து அந்த ஆளுக்கு இன்றைக்கே எழுத வேண்டும். நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். அடுத்த சனிக்கிழமை அவளைத் தனியாக அனுப்புங்கள்; அந்தப் படத்தை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.