அப்பாவின் கையெழுத்து சிறுத்துவிட்டது, டாக்டர்: பார்க்கின்சன் கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வலது தோள் இறுகி எட்டு மாதமாக பிசியோதெரபி, குறையவில்லை. இப்போது கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக் திரும்பி வந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பார்க்கின்சன் என்பது அசைவை மந்தமாக்கும் மூளை நரம்பு நோய். பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். அந்தப் பக்கத் தோள் இறுகும், நடக்கும்போது கை வீசாது, சட்டைப் பொத்தான் போட நேரமாகும், எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே மலச்சிக்கல் வந்திருக்கலாம், ரசம் கொதிக்கிற வாசனை தெரியாமல் போயிருக்கலாம், தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கத்தி உதைத்திருக்கலாம். அம்மாவிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். அப்பா நடப்பதை வீடியோ எடுங்கள். பழைய கையெழுத்து ஒன்றையும் தேடி எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையும் ஒரு பையில் வரட்டும்.

கேள்வி: மாமியாருக்குக் காபி டம்ளரைத் தூக்கினால் இரண்டு கையும் நடுங்குகிறது.

பதில்: பார்க்கின்சன் நடுக்கம் கை மடியில் சும்மா இருக்கும்போது வரும், விரல்கள் மாத்திரை உருட்டுவது போல. டம்ளரைத் தூக்கும்போது இரண்டு கையும் நடுங்கினால் பெரும்பாலும் வேறு வகை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று விசாரியுங்கள். தைராய்டும் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. எழுதும்போது கை நடுங்குகிறது...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: சித்தப்பாவுக்கு நடுக்கமே இல்லை. அப்படியென்றால் பார்க்கின்சன் இல்லைதானே?

பதில்: நடுக்கம், நடுக்கம் என்றே எல்லோரும் கேட்கிறீர்கள். நடுக்கம் இல்லாமலும் பார்க்கின்சன் வரும். அசைவு மந்தமாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அத்தை இரண்டு வருடமாகத் தலைசுற்றல் மாத்திரை சாப்பிடுகிறார். முகத்தில் சிரிப்பே இல்லை, நடையும் தளர்ந்துவிட்டது.

பதில்: சின்னாரிசின், புளூனாரிசினா என்று அட்டையைப் பாருங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, கேஸுக்குத் தரும் லீவோசல்பிரைடும் அப்படித்தான். மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்வதைத் தடுத்து, பார்க்கின்சன் போலவே காட்டும். நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் சரியாகும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பை, பை என்று இதற்குத்தான் சொல்கிறேன்.

கேள்வி: பூனைக்காலி விதைப் பொடி இருக்க ஆங்கில மருந்து எதற்கு?

பதில்: பூனைக்காலியில் லீவோடோபா, அதாவது மூளைக்குப் போய் டோபமைனாக மாறும் பொருள், இருப்பது உண்மை. பார்க்கின்சன் மாத்திரையிலும் அதுதான். ஆனால் ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்தும் சேர்ந்திருப்பதால் மருந்து மூளைக்குப் போகும் முன்பே வீணாவது குறையும்.

கேள்வி (அதே நபர்): முன்னோர்கள் அளவு பார்த்தா கொடுத்தார்கள்?

பதில்: பார்த்துத்தான் கொடுத்தார்கள் ஐயா. சித்த மருத்துவரிடம் போவதை நான் தடுக்கவில்லை. மாத்திரையோடு பொடியையும் சேர்த்துச் சாப்பிட்டு, தன்னை அறியாமல் உடம்பு முறுக்கிக்கொள்ள வருகிறவர்களைப் பார்க்கிறேன். இரண்டு மருத்துவருக்கும் இரண்டும் தெரிய வேண்டும்.

கேள்வி (முதலில் கேட்டவர்): வீடியோ எடுத்தேன், வலது கை வீசவே இல்லை. பையில் கேஸ் மாத்திரையும் இருக்கிறது.

பதில்: அதன் பெயர் என்ன?