கிரையோஜெனிக் வேலைக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர். அப்பா விவசாயி. இஐஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்) முடித்து, கப்பலூர் சிட்கோவில் ஒரு ரப்பர் கம்பெனியில் பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்), டிரைவ் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். வயது 26, பிசி பிரிவு. பைபாஸ் ரோட்டில் ஒரு பயிற்சி நிறுவனம் 'கிரையோஜெனிக் மற்றும் மீக்கடத்தி கன்ட்ரோல்ஸ்' (கடுங்குளிர் தொழில்நுட்பமும், அந்தக் குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் கடத்திகளும்) என்று ஆறு மாத கோர்ஸ் நடத்துகிறது. கட்டணம் 1,75,000 ரூபாய். குஜராத் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்திலோ பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐடர் அணு இணைவுத் திட்டத்திலோ வேலை உறுதி என்கிறார்கள். 10,000 அட்வான்ஸும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்துவிட்டேன். மீதிக்கு நகையை வைக்கலாம் என்கிறார் அப்பா. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அந்த நிறுவனம் உங்களுக்கு விற்கப் பார்ப்பதில் முக்கால்வாசி ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது. காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் பிளான்ட் என்றாலும் அங்கேயும் கம்ப்ரஸர், வால்வு, பிரஷர் டிரான்ஸ்மிட்டர், இன்டர்லாக் (ஆபத்து வந்தால் தானே நிறுத்தும் பாதுகாப்பு)தான். சீமென்ஸ், ஷ்னைடர் பிஎல்சிதான் ஓடுகிறது. மேலே ஸ்காடா என்ற கண்காணிப்பு மென்பொருள் இருக்கும், அல்லது ஆராய்ச்சிக் கூடங்களில் எபிக்ஸ் என்ற மென்பொருள் இருக்கும். ஐடரிலும் எபிக்ஸ்தான். அது இலவசம். இன்று ராத்திரியே உங்கள் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம். இதற்கு எதற்கு ஒன்றே முக்கால் லட்சம்?

வித்தியாசம் இருப்பது குளிரில். மீக்கடத்திக் காந்தத்தை 4.5 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் உங்கள் தொழிற்சாலைப் பழக்கங்களில் சில தலைகீழாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் 'ஃபேகல்டி'யிடம் இதையே கேளுங்கள்: "4.5 கெல்வினில் டெம்பரேச்சர் பார்க்க என்ன சென்சார் போடுவீர்கள்?" பிடி-100 (தொழிற்சாலைகளில் வழக்கமாகப் போடும் பிளாட்டினம் சென்சார்) என்று பதில் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடலாம். 30 கெல்வினுக்குக் கீழே பிடி-100 பெரும்பாலும் மரத்துப்போகும். அங்கே செர்னாக்ஸ் போன்ற சென்சார் வேண்டும். குளிரக் குளிர அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி கேலிபரேஷன் அட்டவணை உண்டு.

இதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. பிடி-100 வயர் அறுந்தால் ஸ்கிரீனில் டெம்பரேச்சர் எகிறும், டிரிப் ஆகும், நீங்கள் ஓடிப் போய்ப் பார்ப்பீர்கள். செர்னாக்ஸ் வயர் அறுந்து ரெசிஸ்டன்ஸ் எகிறினால், 'நன்றாகக் குளிர்ந்துவிட்டது' என்று புரோகிராம் நினைத்துக்கொள்ளும். அதை நம்பி காந்தத்தில் கரன்ட் ஏற்ற அனுமதி கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. அதனால் கீழ் எல்லைக்கும் ஒரு ஃபால்ட் போட வேண்டும். இப்படி யோசிக்கும் பழக்கம் பிரேக்டவுன் பார்த்த கைக்கு வரும். ஏசி அறையில் சிமுலேட்டர் பட்டனைத் தட்டி வராது.

அடுத்தது குவென்ச். காந்தச் சுருளில் ஒரு சின்ன இடம் மீக்கடத்தும் தன்மையை இழந்தாலும் அங்கே சூடு பிறந்து பரவும். சுருளில் தேங்கிய சக்தி முழுவதும் அந்த இடத்தில் இறங்கப் பார்க்கும். வோல்டேஜைப் பார்த்து இதைக் கண்டுபிடித்து, ஒரு விநாடி முடிவதற்குள் கரன்டை வெளியே ஒரு ரெசிஸ்டருக்குத் திருப்பிவிட வேண்டும். இந்தப் பாதுகாப்பைப் பிஎல்சி ஸ்கேனை (புரோகிராம் ஒரு சுற்று ஓடி முடிவதை) நம்பி விடுவதில்லை. தனி எலக்ட்ரானிக்ஸ், ஹார்ட்வயர்டு இன்டர்லாக். 2008 செப்டம்பர் 19 அன்று ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இரண்டு காந்தங்களுக்கு நடுவிலிருந்த ஒரு கரன்ட் இணைப்பு கெட்டு, டன் கணக்கில் ஹீலியம் வெளியேறி, ஓராண்டுக்கு மேல் துகள் முடுக்கி இயந்திரம் நின்றது. திரவ ஹீலியம் ஆவியானால் சுமார் 700 மடங்கு விரியும், அறையில் இருக்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட இடத்தில் யாரும் உங்களை நிற்க விடமாட்டார்கள்.

சரி, போகும் வழி என்ன? பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி ஒரு நேர்வழி. கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண் அல்லது அவர்களே நடத்தும் தேர்வு, அப்புறம் நேர்காணல். ஓராண்டுப் பயிற்சி, அவர்கள்தான் உங்களுக்கு உதவித்தொகை தருவார்கள், நீங்கள் அவர்களுக்கு இல்லை. இன்ஸ்ட்ருமென்டேஷன் தாளை எழுதுங்கள். நெல்லையைத் தாண்டி மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம் இருக்கிறது. அங்கே மீக்கடத்தி இல்லை, திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன். கன்ட்ரோல்ஸ் ஆளுக்கு அதுவும் நல்ல களம். எந்த அறிவிப்பிலும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பிரிவின் பெயர். இஐஇ, ஐசிஇ (இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல்) என்று கிட்டத்தட்ட ஒரே பாடத்துக்கு வேறு வேறு பெயர் வைத்தது பல்கலைக்கழகங்கள்; ஆன்லைன் விண்ணப்பத்தில் பெயர் இல்லை என்று தள்ளப்படுவது பிள்ளைகள்.

வயதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தப் பயிற்சிப் பள்ளிக்குப் பொதுப்பிரிவில் உச்ச வரம்பு 26. ஓபிசிக்கு மூன்று ஆண்டு தளர்வு. "அதான் பிசி சர்டிபிகேட் இருக்கே" என்று இருந்துவிடாதீர்கள். அது மாநில அரசுச் சான்றிதழ். மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. மத்தியப் படிவத்தில் 'கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை' என்ற ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள்; மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இல்லை. அடுத்து, எட்டு லட்ச வருமான வரம்புக் கணக்கில் விவசாய வருமானம் சேராது. அப்பாவின் நெல் விற்ற பணத்தைக் கூட்டிப் பயமுறுத்தி, "நான் பார்த்துக்கறேன்" என்று தாலுகா அலுவலக வாசலில் காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இ-சேவை மையத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதை அறிவிப்பில் படியுங்கள். பழையதைக் கொண்டுபோய் நேர்காணலில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திறமையை விட்டுவிட்டுத் தாளைப் பார்த்துத் திருப்பி அனுப்புவதில் நம் அலுவலகங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பிரான்ஸ் கதைக்கு வருகிறேன். ஐடர் திட்டத்தில் இந்தியா ஓர் உறுப்பு நாடு; காலியிடங்களை அவர்களே தங்கள் தளத்தில் வெளியிடுகிறார்கள், இந்தியர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான இடங்களுக்குப் பல ஆண்டு அனுபவம் கேட்பார்கள். கப்பலூரிலிருந்து நேரே பிரான்ஸுக்கு அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய ஏஜென்ட் பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. பதிவு எண் கேட்டதும் 'எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கு' என்று குரல் தாழ்ந்தால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

10,000 போனால் போகட்டும். ஒரிஜினல் சான்றிதழ்களை நாளையே வாங்கிவிடுங்கள். "கேட் விண்ணப்பத்துக்கு வேண்டும்" என்று சொல்லுங்கள், சண்டை வேண்டாம். இழுத்தடித்தால், கொடுத்த அன்றைய வாட்ஸ்அப் செய்திகளையும் பணம் அனுப்பிய விவரத்தையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்; சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்காமல் திரும்பாதீர்கள். கப்பலூர் வேலையை மட்டும் இப்போதைக்கு விட வேண்டாம்.