மரம், மலர், மழை, மறம், மனம்

இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் திருச்சியைச் சேர்ந்த ஒரு வெப் டெவலப்பர். பதினோரு வருடங்களாக வீட்டிலிருந்தே வலைத்தளங்கள் செய்து கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வெட்டு படிக்கப் போய்விடுவார்.

கே: என் மகனும் உங்களைப் போல வெப் டெவலப்பர்தான். காலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்திருக்கிறான். அப்படி என்னதான் வேலை?
*இல்லத்தரசி, கரூர்*

ப: என் அம்மாவும் இதையே கேட்பார். இந்த வாரம் என் கையில் இருப்பதைச் சொல்கிறேன் அம்மா. ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தேதி பதிவு செய்யும் பக்கம். தை மாத முகூர்த்தம் ஒன்றை இரண்டு வீட்டார் ஒரே நொடியில் அழுத்தினால் ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்க வேண்டும், மற்றவரின் முன்பணம் மாட்டிக்கொள்ளக் கூடாது. இதைச் சரி செய்ய நேற்று முழுநாளும் போயிற்று. இன்னொன்று, பல் மருத்துவர் ஒருவருக்கு டோக்கன் பக்கம். அது சின்ன வேலை.

மூன்றாவதுதான் என் மனசுக்குப் பிடித்தது. ஒரு சிறு பதிப்பகத்தின் நூல் பட்டியல். பழைய பட்டியல் முழுவதும் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று நிற்கும். அதை, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றி வரிவரியாகப் பிழை பார்க்கவே நான்கு நாள் ஆனது. உங்கள் மகன் ராத்திரி வரை உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்றுக்காகத்தான் இருக்கும். நடுவில் ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய் வையுங்கள்.

கே: தமிழில் வலைத்தளம் செய்வது ஆங்கிலத்தில் செய்வதைவிடக் கஷ்டமா?
*கல்லூரி மாணவி, திண்டுக்கல்*

ப: கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். கவனம் வேண்டும். அந்தப் பதிப்பகத்தில் நடந்ததையே சொல்கிறேன். பட்டியலை அகர வரிசையில் அடுக்கி அனுப்பினேன். பதிப்பக ஐயா போன் செய்தார். "ஏம்மா, மனம் எப்படி மரத்துக்கு முன்னால வந்துச்சு?" என்றார். பார்த்தால், கணினி மனம், மரம், மறம், மலர், மழை என்று அடுக்கி வைத்திருந்தது. நம் அகராதியில் மரம், மலர், மழை, மறம், மனம் என்றுதான் வரும். க ங ச ஞ வரிசையில் ழ ள ற ன கடைசியில் அல்லவா?

யூனிகோடில் தமிழுக்கு எண்ணிட்ட 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ன-வை ந-வுக்கு அடுத்தும், ற-வை ர-வுக்கு அடுத்தும் வைத்துவிட்டார்கள். வலைப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் வெறுமனே 'சார்ட்' (வரிசைப்படுத்து) என்று கொடுத்தால் அந்த எண் வரிசையைத்தான் அது பின்பற்றும். 'இன்டல் கொலேட்டர்' என்ற வசதியிடம் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் நம் வரிசை வந்துவிடும். ஒரே ஒரு வரி நிரல். ஆனால் ஐயா போன் செய்யாமல் இருந்திருந்தால் அந்தத் தப்பு அப்படியே வெளியே போயிருக்கும். அதனால் எந்தத் தமிழ்த் தளத்தை முடித்தாலும், நாளும் தமிழ் படிக்கிற ஒருவரிடம் காட்டாமல் நான் ஒப்படைப்பதில்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள் தங்கை. அதே பட்டியலில் 'ஔவையார்' என்று தேடினால் பாதிப் புத்தகங்கள் வரவில்லை. பலர் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்து விடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அது வேறு சொல். 'கொ' எழுத்திலும் இப்படி ஒன்று உண்டு. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் அடிக்கலாம், ஒரே குறியாகவும் அடிக்கலாம். இதற்கு, இரண்டையும் ஒரே வடிவமாக்கும் 'நார்மலைஸ்' என்ற கட்டளை போதும். ஔவையாருக்கு அது உதவாது. ஔவை, ஔடதம், ஔரங்கசீப் என்று ஒரு பட்டியல் போட்டு நானே திருத்தினேன்.

கே: தமிழ் எழுத்துகளின் மேல் சுழியும் கீழ் வாலும் வெட்டுப்பட்டுத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?
*டிசைனர், கோவை*

ப: வரி உயரத்தைக் கூட்டுங்கள். நான் எழுத்தளவைப் போல 1.7 மடங்கு வைக்கிறேன். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் 'லெட்டர் ஸ்பேசிங்' தமிழுக்கு வேண்டவே வேண்டாம்.

கே: கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவருக்குக் கல்வெட்டில் என்ன ஆர்வம்?
*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி*

ப: வணக்கம் ஐயா. தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டை முதன்முதலாகப் படித்த நாளில் எனக்குக் கை நடுங்கியது. இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து நானூறு ஆடல் மகளிரைக் கொண்டுவந்து தஞ்சாவூரில் குடிவைத்தான். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என்று தெருவும் வரிசையும் வீடும் சொல்லி, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். நான் நாள்தோறும் செய்கிற டேட்டாபேஸ் அட்டவணைதான் இது, ஐயா!

அதற்கு மேலும் ஒன்று. செத்துப்போனால், வெளியூர் போய்விட்டால் அந்தப் பங்கு அடுத்த முறைக்காரருக்குப் போகும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை இட வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து, இப்படி நடந்தால் என்ன, அப்படி நடந்தால் என்ன என்று யோசித்திருக்கிறார். கல்யாண மண்டபத் தேதிக்காக நான் மண்டையை உடைத்துக்கொள்ளும்போது அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

படிப்பதும் சுலபமில்லை. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நெடுநேரம் ஒரே சொல்லில் நின்று, சாய்வெயில் விழுந்ததும் அது சட்டென்று புரிபடுகிற சந்தோஷம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில்தான் வெட்டு நன்றாகத் தெரியும். அதனால் திருச்சியிலிருந்து முதல் பேருந்தைப் பிடிக்கிறேன்.

கே: எங்கள் ஊர்க் கோயிலுக்குத் தளம் செய்கிறோம். திருவிழாப் பத்திரிகையைப் போட்டோ எடுத்து ஏற்றினால் போதாதா?
*வாசகர், பரமக்குடி*

ப: போதாது. படத்துக்குள் இருக்கிற எழுத்தைத் தளத்தின் தேடுபெட்டி தேடித் தராது. பெரிதாக்கினால் மங்கும். எனக்குத் தெரிந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் வைத்துத்தான் படிக்கிறார். அப்படி ஒரு அழைப்பிதழைத் திறந்ததும் அவருடைய போன் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. பக்கத்தில் இருந்த நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தேர் எத்தனை மணிக்கு என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்பினார்.

படத்தையும் போடுங்கள், அழகுதான். கீழே நாள், நேரம், மண்டகப்படிக்காரர் பெயர் எல்லாவற்றையும் எழுத்தாகவே அடித்து வையுங்கள். பத்திரிகை அச்சிட்ட அச்சகத்தில் கேட்டால் அடித்த கோப்பையே தருவார்கள். அது பழைய எழுத்துருவில் இருந்தால் இந்த இதழ் அலுவலகம் வழியாக எனக்கு அனுப்புங்கள். ஒரு பக்கம்தானே, மாற்றித் தருகிறேன்.